ஃபைலுக்கு எழுந்து நிற்கும் வீடு

எங்கள் வீடு கார்த்திகை மாசத்துப் புயலில் விழுந்தது, விழுந்த பிறகு பதினோரு தடவை எழுந்து நின்றது, பதினோரு தடவையும் கையில் ஃபைலோடு யாராவது அதிகாரி வந்து பார்க்கும்போது மட்டும்தான் நின்றது, நானும் அம்மாவும் கால் நீட்டிப் படுக்கிற நேரத்தில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நடந்ததை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். எனக்கு இழுத்து இழுத்துச் சொல்ல வராது. பிளஸ் ஒன் பாதியில் படிப்பை நிறுத்திவிட்டேன், கெமிஸ்ட்ரி பிடிக்கவில்லை, அதனால் எழுதுவதில் தப்பிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

புயலுக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள், அதை இங்கே எழுதி அதற்கு மரியாதை கொடுக்கப் போவதில்லை. அது போன மறுநாள் எங்கள் வேலங்கரைக்காட்டில் நிமிர்ந்து நின்றவை மூன்றே மூன்றுதான்: நாடிமுத்து மாமாவின் மாடி வீடு, அந்த வீட்டு மாடியில் இருந்த தண்ணி டேங்க், அந்த டேங்கின் மேல் ஏறி நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்த நாடிமுத்து மாமா. மற்றபடி தென்னை மரமெல்லாம் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்தது, கரண்டுக் கம்பமெல்லாம் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தது, சவுக்குத் தோப்புக்குள் ஒரு ஃபைபர் போட் வந்து நின்றிருந்தது, கடல் எங்கள் ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர். இதையெல்லாம் பார்த்த கண்ணுக்கு அப்புறம் ஒரு வீடு எழுந்து நின்றதுதானா பெரிய அதிசயமாகத் தெரியும்?

எங்களுடையது ஓட்டு வீடு, மண் சாந்து வைத்துக் கட்டிய செங்கல் சுவர், அப்பா உயிரோடு இருந்தபோது பூசியது, அப்பா போய் ஆறு வருசம் ஆகிறது. அது விழுந்ததில் எனக்கும் அம்மாவுக்கும் அடி ஒன்றும் இல்லை, ஏனென்றால் நாங்கள் முதல் நாளே முகாமுக்குப் போய்விட்டோம். முகாம் என்றால் என் பள்ளிக்கூடம்தான், என் வகுப்புதான். பத்து நாள் அங்கே இருந்தோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பத்தாம் நாள் திரும்பி வந்து, விழுந்த வீட்டுக்கு முன்னால் நாலு கம்பு நட்டு, மேலே போட ஒரு தார்ப்பாய்க்காகக் காத்திருந்தோம். நிவாரண லாரி மெயின் ரோட்டில் வரும், எங்கள் ஊர் மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, லாரி எங்களிடம் வந்து சேர்வதற்குள் ரோட்டோரத்து வீடுகளில் வீட்டுக்கு நாலு தார்ப்பாயும் ஆறு பாயும் இறங்கியிருக்கும், எங்களுக்கு மெழுகுவர்த்தி வரும். மெழுகுவர்த்தி மட்டும் நூற்றுக்கணக்கில் வந்தது. கடைசியில் மேலே போட எங்களுக்குக் கிடைத்தது யாரோ ஒரு குழந்தையின் காதணி விழா ஃப்ளெக்ஸ் பேனர். ராத்திரியும் பகலும் எங்களுக்கு மேலே மாமன், சித்தப்பா, நண்பர்கள் என்று முப்பத்தெட்டுப் பேர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த முப்பத்தெட்டுப் பேரில் ஒருத்தரைக்கூட எங்களுக்குத் தெரியாது. மழை பெய்தால் அவர்கள் மூக்கு வழியாக ஒழுகும்.

விஏஓ மேடம் சேதக் கணக்கெடுக்க வந்தது அதற்கு மறுவாரம். சேலம் பக்கத்துக்காரர், சின்ன வயசு, வேலைக்கு வந்து மூன்று மாசத்தில் புயல் வந்துவிட்டது என்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிற மாதிரியே பேசுவார். கூடவே தலையாரி பக்கிரிசாமி பெரியப்பா, மேடத்தின் ஃபைலை மழைக்கு நனையாமல் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வந்தார்.

அம்மா என்ன செய்திருக்க வேண்டும்? அழுதிருக்க வேண்டும், மண்ணை அள்ளிக் காட்டியிருக்க வேண்டும், ஊரில் மற்ற எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். அம்மா செங்கல் குவியலைச் சுற்றிப் பெருக்கினாள். நாடிமுத்து மாமா வீட்டிலிருந்து இரண்டு சேர் இரவல் வாங்கிப் போட்டாள், தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாள், மேடம் வண்டியை நிறுத்தியதும், "வாங்க மேடம், நல்லாருக்கோம் மேடம், டீ போடட்டா?" என்றாள். போடுவதற்கு அடுப்பும் கிடையாது, டீத்தூளும் கிடையாது.

மேடம் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, எல்லா அதிகாரியும் முதலில் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"என்னம்மா படிக்கிற?"

"படிக்கல மேடம், நிறுத்திட்டேன். படிப்பு புடிக்கல. நல்லாத்தான் இருக்கேன்."

எனக்குப் பின்னால் யாரோ சோம்பல் முறித்துச் சொடக்கு எடுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால், செங்கல் ஒவ்வொன்றாக எழுந்து போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தது, ஓடுகள் பிரேயருக்குப் போகிற சின்னப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக மேலே ஏறின, கதவு தன்னைத் தானே தூக்கி நிலையில் மாட்டிக்கொண்டது, கடைசியாக ஒரு காலண்டர் பறந்து போய் ஆணியில் தொங்கியது. மேடம் ஃபைலிலிருந்து நிமிர்ந்தபோது சுண்ணாம்பு அடித்த ஒரு ஓட்டு வீடு எதிரே நின்றது. புயலுக்கு முன்னால்கூட எங்கள் வீடு அவ்வளவு லட்சணமாக இருந்ததில்லை.

"உங்களுக்குப் பாதிப்பு இல்லைங்களா?" என்றார் மேடம்.

"ஆமாங்க" என்றாள் அம்மா. பழக்கதோஷம்.

மேடம் 'சேதம் இல்லை' என்று எழுதிக்கொண்டு கிளம்பினார். அவர் வண்டி வாய்க்கால் மதகைத் தாண்டியதும், மாடு படுக்கிற மாதிரி முன்பக்கத்தை முதலில் மடித்து, அப்புறம் பின்பக்கத்தை இறக்கி, வீடு பழையபடி படுத்துக்கொண்டது. ஒரு ஓடுகூடப் புதிதாக உடையவில்லை.

நான் அம்மாவைத் திட்டினேன். அம்மா குவியலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "வெளி ஆளு வந்தா வீட்டுக்கும் ஒரு கூச்சம் இருக்குமில்லடி."

ஊர் இதை இரண்டு நாளில் ஜீரணித்துவிட்டது. கோமளம் அத்தை, எங்களுக்குப் பக்கத்து மனை, அவளுடைய கூரை வீடு எங்கே போய் விழுந்தது என்றே இன்னும் தெரியாது, அவள் மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "மரியாதை தெரிஞ்ச வீடுடி உங்க வீடு. எங்க வீடு பாரு, சொல்லாம கொள்ளாம போயிருச்சு" என்றாள். மற்றவர்கள் ஆராய்ச்சியில் இறங்கினார்கள். எதற்கு எழுகிறது, யாருக்கு எழுகிறது என்று பந்தயம் கட்டாத குறை. டவுனிலிருந்து வந்த என் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு எழவில்லை. லாரியில் மெழுகுவர்த்தி கொண்டுவந்தவர்களுக்கு எழவில்லை. ரேஷன் கடைக்காரர் கார்டு நனைந்துவிட்டதா என்று எழுதிக்கொள்ள வந்தார், அவருக்கு அடுப்படி மட்டும் எழுந்தது. காய்ச்சல் கணக்கெடுக்க நர்சம்மா வந்தார், அவருக்கு வீடே எழுந்து பக்கவாட்டில் டைல்ஸ் ஒட்டிய ஒரு பாத்ரூமும் எழுந்தது, எங்களுக்கு ஜென்மத்தில் பாத்ரூம் இருந்ததில்லை. தென்னை கணக்கெடுக்க வந்தவருக்கு வாசலில் ஒரு தென்னங்கன்றையும் சேர்த்துக் காட்டியது. அம்மா உள்ளே போய் அந்தப் பாத்ரூம் கதவை மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஃபைல்தான் காரணம் என்று ஊர் ஒருமனதாக முடிவு செய்தது. நானும் அதைத்தான் நம்பினேன். அதோடு அம்மாவின் வாயும் காரணம் என்று நம்பினேன். இந்த ஊரிலேயே உள்ளதை உள்ளபடி பேசுகிற ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு அப்போது ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பில்தான் நாடிமுத்து மாமாவை நடு ரோட்டில் நிறுத்தி, "மாமா, உங்க மாடு சௌக்கியமா, அதுக்கு வீடு வருதாமே" என்று கேட்டேன். மாமாவின் மாட்டுக்கொட்டகை லிஸ்டில் 'குடியிருப்பு, முழுச் சேதம்' என்று ஏறியிருந்தது. அதற்கு எடுத்த போட்டோவில் மாமா ஒரு பக்கம், மாடு ஒரு பக்கம். மாடு மட்டும்தான் அந்தப் போட்டோவில் கொஞ்சம் சங்கடமாக நின்றது.

மாமா கோபப்படவில்லை. "நீ முதல்ல உங்க வீட்டைப் படுக்கச் சொல்லு நிரோசா, அப்புறம் என் மாட்டைப் பேசு" என்றார்.

நியாயமான பேச்சு. அதனால்தான் எரிச்சலாக வந்தது.

அடுத்த கண்டுபிடிப்பு பல்பு. வீடு நிற்கும்போது உள்ளே பல்பு எரிந்தது, ஊர் முழுக்க ஒரு கம்பம்கூட நிமிரவில்லை, கரண்டு வர இன்னும் ஒரு மாசம் என்கிறார்கள், எங்கள் வீட்டில் மட்டும் குண்டு பல்பு மஞ்சளாக எரிந்தது, பிளக்கில் செருகினால் செல்போன் ஏறியது. அன்றிலிருந்து மதகுப் பக்கம் யாராவது ஃபைலோடு தெரிந்தால் சின்னப் பசங்கள் கத்திக்கொண்டு ஓடி வருவார்கள், பத்து நிமிசத்தில் எங்கள் வாசலில் முப்பது சார்ஜரும் ஏழு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வந்து சேரும். அதிகாரி சீக்கிரம் கிளம்பிவிடக் கூடாதென்று அவருக்கு இளநீர் வெட்டுவார்கள், புயலில் விழுந்த மரத்து இளநீர், அதற்கு மட்டும் பஞ்சமே இல்லை. இரண்டு இளநீர் குடித்தால் ஒரு போன் அறுபது பர்சென்ட் ஏறும்.

அதிகாரி வராத நாளில் என்ன செய்வது? பக்கிரிசாமி பெரியப்பாவைக் கூட்டிவந்தார்கள். மேடத்தின் ஃபைலை மடியில் வைத்து அவரைச் சேரில் உட்கார வைத்தார்கள். அவரும் உட்கார்ந்ததும் எல்லோரையும் போலவே, "ஏம்மா, இன்னும் பள்ளிக்கூடம் போகலயா?" என்று என்னைக் கேட்டார். "புடிக்கல பெரியப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். வீடு எழுந்தது. முப்பது வருசமாக எந்த வீட்டு வாசலிலும் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போன மனுசன், அவருக்கு இப்போது முறுக்கு கொடுத்தார்கள், விசிறிவிட்டார்கள், ஒரு வாரத்தில் முகமே மாறிவிட்டது.

அப்படித்தான் கோமளம் அத்தையின் மகள் அனுசியாவைப் பெண் பார்க்க வந்ததும் எங்கள் வீட்டில் நடந்தது. மாப்பிள்ளை வீடு ஒரத்தநாட்டுப் பக்கம், அங்கே புயல் ஜன்னலை ஆட்டியதோடு போய்விட்டது, வீடில்லாத வீட்டில் பெண் எடுப்பார்களா என்று அத்தைக்குப் பயம். பெரியப்பாவை வாசலில் ஃபைலோடு உட்கார வைத்து, வழக்கம்போல என்னிடம் பள்ளிக்கூடத்தை விசாரிக்க வைத்து, வீட்டை எழுப்பி, பாய் விரித்து, கேசரி கிண்டி, எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும், "வாசல்ல உக்காந்திருக்கவுக யாரு?" என்று கேட்டார்.

"பொண்ணுக்குத் தாய்மாமன்" என்றாள் கோமளம் அத்தை.

"உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க."

"அவுகளுக்குக் காத்து வேணும்."

அவர்கள் இரண்டாவது தடவை கேசரி கேட்டபோது பெரியப்பா என்னைக் கண்ணாலே கூப்பிட்டார். பக்கத்தில் போனேன்.

"நிரோசா, காலைலருந்து மூணு இளநி. இதுக்குமேல தாங்காதும்மா."

"கொஞ்சம் அடக்கிக்கங்க பெரியப்பா."

"அடக்கித்தான் உக்காந்திருக்கேன். வேலில ஒதுங்கிட்டு ஓடி வந்துர்றேன்."

"நீங்க அந்தாண்ட போனா ஓடு இறங்கிரும். உள்ள பதினாலு பேரு."

அவர் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு அடி எடுத்து வைத்துப் பார்த்தார். வீடு மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே மாப்பிள்ளையின் அம்மா, "லேசா தலை சுத்துது, பித்தமா இருக்கும்" என்று சொல்லித் தூணைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பா திரும்ப வந்து உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. அனுசியாவுக்கு நிச்சயம் ஆனதற்கு யாராவது ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால், அது அவருடைய மூத்திரப் பைக்குத்தான்.

இப்படியே ஊருக்கெல்லாம் உபயோகமாக இருந்த வீடு எங்களுக்கு மட்டும் குவியலாகக் கிடந்தது. லிஸ்டில் எங்களுக்கு நேரே 'சேதம் இல்லை' என்று இருந்தது. மூன்று தடவை மனு கொடுத்தோம், மூன்று தடவையும் மனுவை விசாரிக்க ஒருவர் ஃபைலோடு வந்தார், மூன்று தடவையும் வீடு அவருக்கு வணக்கம் வைத்தது. மார்கழி பிறந்தது. காதணி விழா பேனர் நடுவில் கிழிந்து, தாய்மாமனுக்கும் நண்பர்களுக்கும் இடையில் வானம் தெரிந்தது. அம்மாவுக்குப் பனியில் இருமல் வந்தது, படுத்தால் நிற்காத இருமல். அப்போதுதான் விடுபட்டவர்களுக்கு ஒரு கடைசி லிஸ்ட் எடுக்கிறார்கள், வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, அதில் இல்லையென்றால் இனிமேல் வீடு கிடையாது என்று பெரியப்பா வந்து சொன்னார்.

மூன்று நாள் அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன்.

"சொல்லு. எல்லாம் போச்சுங்க மேடம்."

"எல்லாம் போச்சுங்க மேடம், ஆனா பரவால்ல."

"பரவால்ல வேணாம்."

"வாயில தானா வருதுடி."

"வாயை மூடிக்க. எல்லாம் போச்சு, படுக்க இடமில்ல, உதவி பண்ணுங்க. அவ்வளவுதான். டீ கேக்காத. சேர் போடாத. கோலம் போடாத."

"வந்தவங்களை நிக்க வச்சா பேசுவாக?"

"நிக்கட்டும்."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உனக்கு ரொம்பத் தைரியம்டி" என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மேடம் வந்தார். கூடவே பெரியப்பா, பின்னாலேயே சார்ஜரோடு ஊர். பாதிப் பேருக்கு எங்கள் வீடு லிஸ்டில் ஏறினால் வருத்தம்தான், கரண்டு இன்னும் வரவில்லை. நாடிமுத்து மாமா பவர் பேங்க்கோடு முதல் வரிசையில் நின்றார். மேடத்துக்கு உட்கார ஒன்றும் போடவில்லை. அம்மா முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு, மேடத்தின் செருப்பைப் பார்த்துக்கொண்டே, நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகச் சொன்னாள்.

"எல்லாம் போச்சுங்க மேடம். முன்னாடி நல்லாருக்கோம்னு சொன்னது பொய்யிங்க. வீடு இல்ல. கயிறு ஃபேக்டரி மூடிட்டாங்க, வேலை இல்ல. மேல கிடக்குறது யாரு வீட்டு விசேச பேனரோ. நான் இருமுறதுல எம் மக தூங்கி எத்தனையோ நாளாச்சு. எனக்குக் கேக்க வெக்கமா இருக்கு, ஆனா கேக்குறேன்."

சொல்லி முடித்து அழுதாள். அம்மா அழுது நான் பார்த்தது அப்பா செத்த அன்றைக்கு அப்புறம் அன்றைக்குத்தான். ஊரே குவியலைப் பார்த்தது. நானும் பார்த்தேன். அது அசையவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன், அம்மாவுக்கு நான் கொடுத்த டிரெயினிங் அப்படி என்று எனக்கே ஒரு பெருமை வந்தது.

மேடத்துக்கும் கண் கலங்கிவிட்டது. போட்டோ எடுக்கப் போனை நீட்டிக்கொண்டே, பேச்சை மாற்ற, என் பக்கம் திரும்பினார்.

"நீ என்னம்மா பண்ற? ஸ்கூல் திறந்தாச்சே, போறியா?"

"நிறுத்திட்டேன் மேடம். புடிக்கல. நல்லாத்தான் இருக்கேன்."

சொடக்குச் சத்தம் கேட்டது. சுவர் எழுந்தது, ஓடு ஏறியது, கதவு மாட்டிக்கொண்டது, காலண்டர் தொங்கியது. ஊர்க்காரர்கள் பழக்கத்தில் சார்ஜரோடு உள்ளே ஓடினார்கள். மேடம் போனை இறக்கினார். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்தாள், அப்புறம் மெதுவாக என்னைப் பார்த்தாள்.

"என்ன புடிக்கல?" என்று மேடம் கேட்டார், பாவம், அவருக்கு என்ன தெரியும்.

"கெமிஸ்ட்ரி வரல மேடம்."

வீட்டுக்கு முன்னால் இரண்டு தூண் வைத்த ஒரு போர்டிகோ முளைத்தது.

"இது போன தடவ இல்லியே" என்றார் பெரியப்பா.

"வீட்டுல இருக்கிறதுதான் எனக்குச் சந்தோசம்" என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் தானாக வந்தது. வீட்டின் பக்கவாட்டில் மாடிக்கு ஒரு படிக்கட்டு வளர்ந்தது, கைப்பிடியோடு. மாடியே கிடையாது, படிக்கட்டு மட்டும் போய் ஆகாயத்தில் நின்றது.

காரணம் ஃபைல் இல்லை. அம்மாவும் இல்லை. ஃபைலோடு வந்த ஒவ்வொருவரும் என்னைத்தான் அந்தக் கேள்வி கேட்டார்கள், பதினோரு தடவையும் நான்தான் பதில் சொன்னேன். உங்களிடமும் முதல் பத்தியில் அதையேதான் சொல்லியிருக்கிறேன், நீங்கள் கேட்கக்கூட இல்லை.

ஊர் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. அம்மா இருமினாள்.

"கெமிஸ்ட்ரி நல்லா வரும் மேடம்" என்றேன். "காலாண்டுல எண்பத்தொண்ணு."

படிக்கட்டு ஒவ்வொரு படியாக உள்ளே இழுத்துக்கொண்டது.

"முகாம் எங்க கிளாஸ்லதான் போட்டாங்க. பத்து நாள் என் பெஞ்சு மேலதான் அம்மா ஈரச் சேலையைக் காயப் போட்டா. போர்டுல நான் எழுதின சமன்பாடு அழியாம அப்படியே இருந்துச்சு, அதுக்குக் கீழதான் படுத்திருந்தோம்."

போர்டிகோ போனது.

"ஏழாம் நாள் எங்க ஸ்கூல் பிள்ளைங்களே நிவாரணம் குடுக்க வந்தாங்க, டவுன் பிள்ளைங்க, யூனிஃபார்ம் போட்டு, சாரோட. நான் தெரியாம வரிசையில நின்னுட்டேன். பக்கத்துல போனதும்தான் தெரிஞ்சுச்சு, பிரெட் பாக்கெட் குடுத்துட்டு இருந்தது மோனிசா, என் பெஞ்சுக்காரி. நிரோசா, உங்களுக்காடின்னு கேட்டா. இல்ல, பக்கத்து வீட்டு அத்தைக்கு, அவங்களால நிக்க முடியலன்னு சொன்னேன். லிஸ்டுல கோமளம்னு எழுதச் சொன்னேன். அவ நம்பிட்டா. நம்பிட்டு, நீ ரொம்ப நல்லவடின்னு சொன்னா. அதுக்கப்புறம் அவ பக்கத்துல போய் எப்படி உக்கார்றதுன்னு தெரியல. அதான் போகல. வேற ஒண்ணும் இல்ல."

ஓடுகள் வரிசை கலையாமல் இறங்கின. பல்பு அணைந்தது. பின் சுவர் படுத்தது, பக்கச் சுவர் இரண்டும் படுத்தன. உள்ளே இருந்தவர்கள் சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள், "பன்னெண்டு பர்சென்ட்தான் ஏறிருக்கு" என்று நாடிமுத்து மாமாவின் குரல் கேட்டது. கோமளம் அத்தை, "எம் பேரா? எனக்கு ஒரு பிரெட்டும் வரலையேடி" என்றாள்.

முன் சுவர் மட்டும் நின்றது. நடுவில் கதவோடு, பக்கத்தில் காலண்டரோடு, பின்னால் ஒன்றுமே இல்லாமல் தனியாக நின்றது.

மேடம் அதைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "ஒரு சுவர் நின்னா பகுதிச் சேதம்னுதான் போட முடியும்மா. இதுல ரெண்டே ரெண்டுதான் இருக்கு, முழுசு இல்லன்னா பகுதி. பகுதின்னா வீடு வராது." அவர் விரல் திரைக்கு மேலே நின்றது.

பெரியப்பா என் காதோரம் குனிந்தார். "நிரோசா, மிச்சம் மீதி ஏதாச்சும் இருந்தா அதையும் சொல்லிரும்மா. பன்னெண்டு மணிக்குள்ள லிஸ்டு தாலுகா ஆபீசுல இருக்கணும்."

மிச்சம் இருந்தது. அதை யாரிடமும் சொல்வதில்லை என்று வைத்திருந்தேன். மேடத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, அம்மாவைப் பார்த்தும் முடியவில்லை, கடைசியில் காலண்டரைப் பார்த்துச் சொன்னேன்.

"அந்த பிரெட்டைக் கோமளம் அத்தைக்கும் குடுக்கல, அம்மாவுக்கும் குடுக்கல. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நின்னு நானே முழுசாத் தின்னேன். அம்மா அன்னிக்குக் காலைலருந்து ஒண்ணும் சாப்பிடல. எனக்குத் தெரியும்."

முன் சுவர் ஒரு கணம் யோசித்தது. அப்புறம் யார் மேலும் விழாமல், பின்பக்கமாக, மல்லாந்து படுத்துக்கொண்டது.

"முழு பாக்கெட்டா?" என்றாள் அம்மா.

"ஆமா."

"ஜாம் குடுத்தாங்களா?"

"இல்ல. வெறும் பிரெட்டு."

"ஓரத்தையும் தின்னியா?"

"ம்."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்பப் பரவால்ல" என்றாள்.

சட்டென்று திரும்பிக் குவியலைப் பார்த்தேன். அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாதென்று மூன்று நாள் பாடம் எடுத்திருந்தேன். குவியலில் ஒரு ஓட்டுச் சில்லுகூட அசையவில்லை. நன்றாகப் பார்த்தேன், கொஞ்ச நேரம் பார்த்தேன். அசையவே இல்லை.

மேடம் எங்கள் இரண்டு பேரையும் இடிபாட்டுக்கு முன்னால் நிற்கச் சொன்னார், வீட்டுக்காரர்கள் போட்டோவில் இருக்க வேண்டுமாம். அம்மா தலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள், மேடம் சிரிக்க வேண்டாம் என்றார், அம்மா வாயை மூடிக்கொண்டு கண்ணால் சிரித்தாள். போனைத் தூக்கிப் பிடித்தபடியே மேடம் கேட்டார், "திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போயிருவதான?"

"போயிருவேன் மேடம்" என்றேன்.

எனக்குப் பின்னால் ஒரு செங்கல் லேசாக எழுந்தது. ஒன்றே ஒன்றுதான். காலைப் பின்னால் நகர்த்தி அதன் மேல் வைத்து, பலமாக அழுத்திக்கொண்டேன்.

அந்தப் போட்டோ தாலுகா ஆபீசில் எங்கள் ஃபைலில் இருக்கிறது, கீழே 'முழுச் சேதம்' என்று எழுதியிருக்கிறது. அம்மா தெரிவாள், நான் தெரிவேன். என் கால் தெரியாது.